வெர்லீனோட செஸ் பை

அடியில ஒட்டியிருக்கிற டேப்பைப் பாரு, ‘வெர்லீன்’னு எழுதியிருக்கா? என் தட்டுதான். குடு. ஐயோ, என்ன கனம்! இருபத்திரெண்டு வருஷமா சபை விருந்துக்குப் போன என் தட்டு வழிச்சு நக்கினாப்புலதான் வீடு திரும்பும், கண்ணு. இந்த வருஷம் ஒரே ஒரு துண்டு வெட்டியிருக்காங்க. அதுவும் போதகரா இருக்கும். பாவம், அவருக்கு வேற வழி இல்ல.

உள்ள வா. உக்காரு, அஞ்சே நிமிஷம். நீ ஒஹாயோவுலேருந்து குடி வந்தவ, உனக்குத் தெரியாது. இங்க ஜார்ஜியாவுல ஒரு பொம்பளையோட மானம் மரியாதை எல்லாம் அவ சுட்டுக் கொண்டுபோற செஸ் பைலதான், அதான், மாவுக் கூட்டுக்குள்ள முட்டை, வெண்ணெய், சக்கரை ஊத்திச் சுடுற இந்த இனிப்புல. அந்த ஓப்பல் என் பை பக்கத்துல நின்னுக்கிட்டு, “தட்டுல வைக்கவா, டம்ளர்ல ஊத்தவா?”ன்னு கேக்குறா! சபையே சிரிக்குது. கர்த்தர் அவளை ஆசீர்வதிக்கட்டும்... இந்த ஊருல நாங்க திட்டுறதே இப்படித்தான். அவ மட்டும் என்னவாம்? கடையில வாங்கின மாவுக் கூட்டை வீட்டுத் தட்டுல மாத்தி வைக்கிறவ! இனிப்பு திகட்டாம இருக்க ஒரு கரண்டி வினிகர் விடணும்னு தெரியாது... அவ பை ஒரு வாய்க்கு மேல இறங்காது.

நானா செஞ்சேன்? இந்தக் கையாலயா? மாவுக்கட்டு தெரியலையா? படியில விழுந்து மணிக்கட்டு போச்சு. மாத்திரை போட்டுத் தூங்கிட்டேன். நான் முழிக்கிறதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு ஹாய்ட், அவராவே செஞ்சு, சபையில கொண்டுபோயி வச்சுட்டாரு! நான் போய்ப் பாத்தா... மேசை நடுவுல, என் பேரோட, குளமா நிக்குது.

சும்மா இருப்பேனா? “ஆம்பளை செஞ்சது, டிராக்டர் ஓட்டின கை”ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அவரு நேரா வீட்டுக்கு வந்துட்டாரு. இப்பக் கூட பின்னாடி கொட்டகையில உக்காந்து, அளவு கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டிருக்காரு. “புஸ்தகத்துல உள்ளபடி ஒரு எழுத்து பிசகாம செஞ்சேனே, வெர்லீன்”ங்கிறாரு.

எந்தப் புஸ்தகமா? சபைப் பொம்பளைங்க போட்டோமே, சமையல் புஸ்தகம். ஆமா, நாப்பத்தியோராம் பக்கம். என் பேருலதான்.

என்னது... நீயும் செஞ்சியா? மூணு தடவையா? மூணும் ஓடிருச்சா? அழுதியா! ...உன் ஓவன்ல ஏதாவது கோளாறா இருக்கும். இல்ல, முட்டை. முட்டையாத்தான்... ஏன் அப்படிப் பாக்குற?

சரி. சரி! சொல்லித் தொலைக்கிறேன். மக்காச்சோள மாவு. ஒரு கரண்டி போட்டாத்தான் அது கெட்டியா நிக்கும். அதை எழுதாம விட்டேன். மறக்கல... விட்டேன்! இந்த ஊருல முழுசா எழுதிக் குடுத்தவ யாரு? ஓப்பல் எழுதிக் குடுத்த தேங்காய் கேக் குறிப்புல பேக்கிங் பவுடரே இல்ல! அவ என் பையைச் செஞ்சு பாத்து மூக்கறுபடணும்னு நெனச்சேன். மாட்டுனது என் புருஷன். நாப்பத்திமூணு வருஷத்துல அந்த மனுஷன் அடுப்பாங்கரைக்குள்ள வந்ததே அன்னிக்குத்தான், அதுவும் எனக்காக... வெக்கமா இருக்கு, கண்ணு.

அவர்கிட்ட சொல்லணுமா? சொல்றேன். சொல்லுவேன்... கட்டுப் பிரிக்கட்டும்.

நீ ஒரு பேப்பர் எடு. உனக்காவது முழுசாத் தர்றேன். வெண்ணெய் எட்டுக் கரண்டி, உருக்கினது. சக்கரை ரெண்டு கப்பு. முட்டை நாலு. பால் கால் கப்பு. மக்காச்சோள மாவு ஒரு கரண்டி... பெருசா எழுது, அடிக்கோடு போடு. அப்பாடா! எனக்கே மனசு லேசாச்சு.

என்ன சொன்ன? அடுத்த வருஷ விருந்துக்கு நீ கொண்டு வரப் போறியா? அதே மேசைக்கா?

...அவ்வளவுதான், கண்ணு. முடிஞ்சுது. பேப்பரை மடிச்சு வை. வினிகரா? நானா சொன்னேன்? அது ஜன்னல் தொடைக்கிறதுக்கு. போயிட்டு வா... கர்த்தர் உன்னை ஆசீர்வதிக்கட்டும்.