கழுதை கீறின கோடு

காலை எடுங்க தம்பி, காலை எடுங்க! அது வெறும் பாய்ச்சுருள் இல்ல, உள்ள வாளு. அட, பயப்படாதீங்க. யாரையும் வெட்டப் போகல. வெட்டணும்னா முதல்ல என் நாக்கைத்தான் வெட்டணும்.

நீங்க சாப்பிடுங்க, சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. கப்பல் ஹோலோத் தீவு போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்கு.

என்னைத் தெரியல? சம்போவாங்கா சந்தையில 'வாளு தாஹில்'னு கேட்டுப் பாருங்க. முப்பது வருசமா பழைய வாளா தேடி வாங்கி விக்கிறேன். உறையில இருந்து உருவுறதுக்குள்ளயே வயசைச் சொல்லிடுவேன்... அப்படின்னு நானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

போன வாரம் என் மக நூர்சிமாவைத் தன் பையனுக்குப் பேசி முடிக்க ஹோலோவுலருந்து ஹாஜி சக்கிரான் வந்தாரு. நாப்பது பேரோட! எல்லாம் பேசியாச்சு, காப்பியும் குடிச்சாச்சு. அப்புறம் பட்டுத் துணியில சுத்தின ஒரு கலிஸ் வாளை என் கையில வச்சு, "எங்க அப்பா உசிரா வச்சிருந்தது, இதோட அருமை உங்களுக்குத்தான் தெரியும்"னாரு. சந்தோசம்னு சொல்லி ஓரமா வச்சிருக்கலாம்ல? வச்சிருக்கலாம்ல தம்பி? உருவினேன்!

பாருங்க, நிஜமாவே பழைய கலிஸ்னா அலகு தனி, கைப்பிடிக்குக் கீழ அகலமா வர்ற துண்டு தனி. ரெண்டையும் பொருத்தின இடத்துல முடி மாதிரி ஒரு கோடு தெரியும். பின்னாடி வந்ததெல்லாம் ஒரே இரும்பு. கோட்டை மட்டும் மேலாப்புல கீறி விட்டுருப்பாங்க. இது கீறினது.

தெரிஞ்சுது. சரி, தெரிஞ்சதை முழுங்கித் தொலைக்க வேண்டியதுதானே? ஷைத்தான் நாக்குல வந்து குந்திக்கிட்டான். "போலி!"ன்னேன். அதோட விட்டேனா? "எந்தக் கழுதை இந்தக் கோட்டைக் கீறிச்சு? கண்ணைக் கட்டிக்கிட்டுக் கீறிச்சா?"ன்னு சிரிச்சேன். நான் மட்டும்தான் சிரிச்சேன்.

சக்கிரான் எந்திரிச்சாரு. வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே, "எங்க அப்பா இதை உங்க கடையிலதான் வாங்கினாரு. நூத்தம்பது வருசப் பழசுன்னு நீங்கதான் சொன்னீங்க"ன்னாரு. அவ்வளவுதான். நாப்பது பேரும் போயிட்டாங்க.

நானும் ஏமாந்து வாங்கித்தான் வித்தேன்னு சமாளிக்கலாம்னுதான் பார்த்தேன். அப்புறம் அவங்க விட்டுட்டுப் போன வாளை சன்னல் பக்கமா கொண்டுபோய் வெளிச்சத்துல பார்த்தேன். அந்தக் கோடு கடைசியில லேசா இடப்பக்கம் இழுத்திருந்துச்சு... தம்பி, என் அரம் அப்படித்தான் இழுக்கும்! கடை போட்ட புதுசுல, கொல்லையில உக்காந்து நானே கீறி, பழசாத் தெரியணும்னு காடியில ஊறப்போட்டு, சேத்துல புதைச்சு எடுத்தது. என் கைவேலை எனக்கே அடையாளம் தெரியல. இதுல பெரிய நிபுணன்னு பேரு வேற, தூ!

நூர்சிமா அன்னிலருந்து என்கிட்ட பேசுறதில்ல. சோத்தை வைக்கிறா, மூஞ்சியத் திருப்பிக்கிறா. அந்தப் பையன்னா அவளுக்கு உசிரு. என் வாயால கெட்டுது எல்லாம்.

இந்தச் சுருள்ல இருக்கறது அது இல்ல. என் வீட்டுச் சுவத்துல மாட்டியிருந்த அசல் கலிஸ். யார் கேட்டும் குடுக்காம வச்சிருந்தேன். இதை ஹாஜி கையில குடுத்துட்டு, அந்த நாப்பது பேரையும் கூப்பிடச் சொல்லி, அவங்க முன்னாடி சொல்லணும். "அந்தக் கழுதை நா... நான்..."

பார்த்தீங்களா, அங்க வந்ததும் இந்த நாக்கு மாட்டிக்குது. எப்படிச் சொன்னா நல்லாருக்கும் தம்பி? ...தம்பி?

அட, எந்திரிச்சே போயிட்டாரா! பாதிச் சோறு அப்படியே கெடக்கு.

அம்மா... ஆமாம்மா, உங்களைத்தான். ஒரு நிமிசம் இப்படித் திரும்புங்க. கதையெல்லாம் இல்ல, ஒரே ஒரு வரிதான். சரியா வருதான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. "அந்தக் கழுதை... நான்தான்."