கப்பல் பால்

பால் பவுடரைக் கட்டி விழாமல் கரைக்க எனக்கு நன்றாக வரும், சார். முதலில் கொஞ்சமாக வெந்நீர் விட்டுக் குழைக்க வேண்டும். பி.எஸ்ஸி. வேதியியலில் உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான்.

புதுத் துறைமுகம் இப்போதுதானே திறந்தார்கள். என் அக்கா மெட்டில்டாவின் மகன் வளன் கைக்குழந்தை. அத்தானுக்குக் கப்பலில் வேலை. அவர் அனுப்பும் சீமைப் பால் டப்பாக்களை அக்காவின் மாமியார் ஞானசௌந்தரி, தருவைகுளத்து வீட்டில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார். தினம் ஒரு புட்டி கொடுப்பார். குடித்ததும் ஒன்றும் ஆகாது. இரண்டு மணி நேரம் கழித்து வாந்தி, ரத்தபேதி. பிள்ளை வெளுத்துத் துவண்டுபோவான். அதற்குள் அக்கா ஒருமுறை பால் கொடுத்திருப்பாள். எனவே பழி அக்காவின் பாலுக்கு.

அக்காவையும் பிள்ளையையும் தூத்துக்குடிக்கு, எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். "டப்பாப் பால் இனி ஒரு வாய்கூடக் கூடாது. குடல் தாங்காது" என்றார் டாக்டர். வெறும் தாய்ப்பாலில் வளன் தேறினான். என்னைக் கண்டால் சிரிப்பான். என் நகைச்சுவைக்குக் கல்லூரியில் யாரும் அவ்வளவு சிரித்ததில்லை.

பிறகு மாமியார் வந்தார், பிள்ளையை மட்டும் எடுத்துப்போக.

"ஏளா, ஒம் பாலு விஷம்ளா. எம்மவன் கடல் தாண்டி அனுப்புத பாலுல எம் பேரன் வளரட்டும்."

"மாமி, அந்தப் பாலுதான் ஆவாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்றாள் அக்கா.

"டாக்டரா பெத்தாரு?"

"நீங்களும் பெறலையே" என்றேன்.

"ஏலே, ஒன் வாயி மட்டுந்தான் காலேஜுக்குப் போவுதோ?"

அக்கா அவர் காலில் விழுந்தாள். பெண்ணைக் கொடுத்தவர்கள் பேரனைத் தரமாட்டோம் என்று சொல்ல முடியாது என்றார் அப்பா. அக்கா உள்ளே போய்ப் பிள்ளையின் துணிகளை மடித்தாள்.

நீங்களே யோசியுங்கள். அங்கே போனால் தினமும் புட்டி, பிள்ளை பிழைக்காது. அத்தனை புட்டிகளுக்குப் பதில் இங்கே ஒரே ஒரு புட்டி, அதுவும் அந்த அம்மாள் கண்ணெதிரே. அக்கா பால் கொடுக்காத நேரமாகப் பார்த்துக் கொடுத்தால் பழி அவள் பாலுக்குப் போகாது. அவர் கொண்டுவந்த டப்பாவையே திறந்தேன். அவர் மடியில் வைத்தே புகட்டினேன். "இப்பத்தாம்லே புத்தி வந்திருக்கு" என்றார்.

சிரமம் ஒன்றுதான். கடைசி பஸ்ஸுக்கு அவர் கிளம்பிவிட்டால் என் சோதனை பாழ். லேசான வாந்தியோடு நின்றாலும் நம்பமாட்டார். அதனால் பவுடரை இரண்டு பங்காகப் போட்டிருந்தேன்.

பஸ்ஸுக்கு முன்பே வாந்தி வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலை எட்டுமுன் வளன் உடம்பு குளிர்ந்துவிட்டது.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார், மெட்டில்டா பாலில் குற்றமில்லை என்று. இனி ஊரில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்க முடியாது.

அக்காவுக்குத்தான் மார்பு கனத்துக் காய்ச்சல். என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். அவள் பால் நல்ல பால் என்று நிரூபித்துக் கொடுத்தவன் நான்தானே, சார்.