படிக்கத் தெரியாட்டி காலியா?

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, துயரத்தில் வாடும் கணவர் முனிகிருஷ்ணன் அவர்களே, ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து நிற்கும் கும்மிடிப்பூண்டித் தோழர்களே, வணக்கம். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் இரைச்சலில் காதைத் தொலைத்த பாக்கியநாதன் பேசுகிறேன். கத்திப் பேசினால் மன்னியுங்கள். என் குரலே எனக்குச் சரியாகக் கேட்காது.

நம் சங்கத்தின் கம்ப்யூட்டர் பொறுப்பாளர், செயல்வீராங்கனை சம்பூர்ணம் அம்மா மறைந்துவிட்டாரா? காய்ச்சல் என்று போனவர் திரும்பவே மாட்டாரா? மனசு ஒத்துக்கொள்ளவில்லையே!

கம்பெனி கம்பெனியாக அலைந்து நம் காது டெஸ்ட் ரிப்போர்ட்டுகளைச் சேர்த்தது யார்? சம்பூர்ணம் அம்மா! வக்கீல் ஆபீசில் விண்டோஸ், அம்மா வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற வேறு சிஸ்டம். லினக்ஸுக்காகத் தயார் செய்த டிஸ்க்கை விண்டோஸ் படிக்காது. "ரெண்டு பொட்டிலயும் தொறந்தாத்தான் என் கைய உட்டு வெளிய போவும்" என்பார். வக்கீல் ஆபீசில் போட்டுப் பார்த்துவிட்டு டிஸ்க் காலி என்று நம் தோழர் லோகு ஒருமுறை சொன்னதற்கு எப்படிச் சிரித்தார்! "இன்னா லோகு, அதுக்குப் படிக்கத் தெரிலன்னா உள்ள ஒண்ணுமே இல்லன்னு ஆய்டுமா?"

நம் ரிப்போர்ட்டுகள் எல்லாம் இருக்கும் கடைசி டிஸ்க்கை மட்டும் ரெண்டுக்கும் பொதுவாக மாற்றுவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அவர் கம்ப்யூட்டரும் மழைத்தண்ணி புகுந்து வீணாய்ப்போச்சு. வேறு காப்பி கிடையாது. திங்கட்கிழமை, காது போனதற்கான நம் நஷ்டஈட்டு வழக்கு விசாரணை. அம்மாவின் போட்டோவும் அதில்தான் இருக்கிறதென்று முனிகிருஷ்ணன் அண்ணன் இப்போதுதான் அந்த டிஸ்க்கைக் கொடுத்தார். அதைத் திரையில் போடத்தான் தோழர் ஜெகன் இங்கே இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டரில்...

ஏன் எல்லோரும் எனக்குப் பின்னால் பார்க்கிறீர்கள்?

ஐயோ! 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கிறதே! ஜெகன், மௌஸ உடுய்யா! ஆமான்னு அமுக்கினா அத்தினியும் அழிஞ்சிபூடும்! நைனா, உன் கால்ல உழறேன், கேன்சல் குடு. ஆங்... குடுத்துட்டியா? அப்படியே புடுங்காத, பொறுமையா எடு.

மன்னிக்கணும் தோழர்களே, கத்திவிட்டேன். ஜெகனைத் திட்டாதீர்கள், அம்மா முகத்தைக் காட்டத்தானே பார்த்தார்.

ஊத்துக்கோட்டைத் தோழர் நந்தினியிடம் லினக்ஸ் கம்ப்யூட்டர் இருக்கிறது. விடிந்ததும் போகிறோம். உள்ளே எல்லாம் சரியாக இருக்குமா? எனக்குத் தெரியாது, பயமாகத்தான் இருக்கிறது. முனிகிருஷ்ணன் அண்ணே, அதுவரைக்கும் இந்த டிஸ்க் உங்க சட்டைப்பையிலயே இருக்கட்டும், யார் கேட்டாலும் குடுக்காதீங்க. அம்மா சேர்த்ததை ஒரு ரிப்போர்ட்கூட விடாமல் கோர்ட்டில் சேர்ப்போம். இது நம் உறுதி!

போட்டோ வரவில்லை. வெறும் திரையைப் பார்த்தே எழுந்து நிற்போம். ஒரு நிமிடம் மௌனம். முடிந்ததும் யாராவது என் தோளைத் தொடுங்கள். மணி அடித்தால் எனக்குக் கேட்காது.