ஆள் வரலைன்னா

தட்டாதம்மா. தட்டினாலும் சார் திறக்க மாட்டார். அவருக்கு நல்லாவே கேக்கும், ஆனா பலகையப் பாத்த முகத்த இந்தப் பக்கம் திருப்ப மாட்டார். நடுவுல ஒரு இடைவேளை விடுவார், அப்ப உள்ள போயிக்கலாம். வா, இப்படி உக்காரு. பையக் கீழ வெச்சுக்கோ. இந்த பெஞ்சுக்கு ஒரு கால் ஆட்டம், ரெண்டு பேர் உக்காந்தாத்தான் சும்மா இருக்கும்.

கால்குலஸ் வகுப்புதானே? நானும் அதேதான். டீச்சரா? ஐயோ, இல்லம்மா. எல்லாரும் முதல்ல அப்படித்தான் நினைச்சுக்கறாங்க. போன டேர்ம்ல முதல் நாள் நான் உள்ள நுழைஞ்சதும் பாதி கிளாஸ் எழுந்து நின்னுடுச்சு. நான் பேசாம போயி மூணாவது வரிசைல உக்காந்தேன், அப்புறம் ஒவ்வொருத்தரா நெளிஞ்சுக்கிட்டே உக்காந்தாங்க. வயசானவங்களுக்குன்னு இங்க ஒவ்வொரு வகுப்புலயும் ரெண்டு மூணு இடம் ஒதுக்கியிருக்காங்க. பட்டம் கிட்டம் எல்லாம் கிடையாது, சும்மா ஒரு பாடம் படிக்கலாம். அப்படி வந்தவதான் நான்.

இன்னிக்கு லிஃப்ட் ஓடல. இந்தக் கம்ப ஊனிக்கிட்டு நாலு மாடி ஏறி வர்றதுக்குள்ள கதவ சாத்திட்டார். நீ? ஓ, கட்டடமே தெரியலையா. முதல் நாள்னா அப்படித்தான். வேற பிரிவுலேர்ந்து இங்க மாத்திட்டாங்களா? போர்டுல குழு எண் ஒட்டியிருந்தாங்களே, பாத்தியா? ஏழா? அட, நம்ம குழுவுக்குத்தான் வந்திருக்க. நல்லதாப் போச்சு. சும்மா உக்காந்திருக்கற நேரத்துல இங்க என்னென்ன செய்யணும், என்னென்ன செய்யக் கூடாதுன்னு சொல்லிடறேன். அவர் முதல் நாள் சொன்னதோட சரி, மறுபடி சொல்ல மாட்டார்.

கதவு விஷயம் உனக்கே தெரிஞ்சுபோச்சு. பசங்க அவருக்கு வெச்சிருக்கற பேரே கதவு சார்தான். ஒரு தடவை ஒருத்தன் கேட்டே கேட்டான், ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தா என்ன சார் குடி முழுகிப்போச்சுன்னு. அவர் கோபப்படல. கணக்குல எல்லைன்னா, அதான் லிமிட்டுன்னா, என்னங்கறதுக்கு ஒரு நீளமான வாக்கியம் இருக்கு, அத ஒரே மூச்சுல சொல்லணும், நடுவுல கதவு திறந்தா எண்பது பேர் மண்டைலயும் அது உடஞ்சுபோகும், திரும்ப ஒட்ட வெக்க என்னால முடியாதுன்னார். அதுக்கப்புறம் யாரும் கேக்கல.

செல்போன அணைச்சுப் பைக்குள்ள போட்டுடணும். மேஜை மேல கவுத்து வெச்சாலும் ஒத்துக்க மாட்டார். வீட்டுக் கணக்கு எல்லாம் தாள்ல, பேனாவுல, ஒரு பக்கம் மட்டும். விடைய மட்டும் எழுதினா மார்க் கிடையாது. சரியான விடையா இருந்தாலும்தான். எப்படி அங்க வந்து சேந்தேன்னு ஒவ்வொரு படியா காட்டணும். இது எனக்குப் புதுசு இல்ல பாரு. நான் ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுத்தவ. மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க, இதத்தான் வாழ்நாள் பூராவும் சொல்லிக்கிட்டு இருந்தேன். எலும்பு உடஞ்சிருக்குன்னு நான் வாயால சொன்னா எந்த டாக்டர் ஒத்துப்பார்? படத்தக் காட்டும்மான்னுதானே கேப்பார்.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சின்னத் தேர்வு இருக்கும். தவறவிட்டா விட்டதுதான், திரும்ப வெக்க மாட்டார். ஆனா டேர்ம் முடிவுல எல்லாருக்கும் ரொம்பக் குறைஞ்ச ஒரு மார்க்க விட்டுடுவார். ஒருத்தன் போயி தாத்தா தவறிட்டார் சார்னு நின்னான். உன் தாத்தாவுக்குத்தான்பா அந்த ஒண்ண விட்டிருக்கேன்னுட்டார். பையன் வெளில வந்து சிரிக்கறதா அழறதான்னு தெரியாம நின்னான், பாவம். அவனுக்கு நிஜமாவே தாத்தா தவறியிருந்தார்.

அப்புறம் அந்த ப்ளஸ் சி. தொகையிடல், அதான் இன்டக்ரேஷன், போட்டு முடிச்சதும் கடைசில ப்ளஸ் சி எழுதணும். மறந்தா ஒரு மார்க் போச்சு. எனக்கே ரெண்டு மார்க் போயிருக்கு, வயித்தெரிச்சல். காப்பி அடிச்சா அவருக்குத் தெரிஞ்சுடும். ஒரே மாதிரி சரியா எழுதினா விட்டுடுவார், ஒரே மாதிரி தப்பா எழுதினாத்தான் கூப்புட்டு உக்கார வெச்சுப் பேசுவார்.

என்னம்மா, பயமுறுத்தறேனா? முகம் ஏன் இப்படிப் போச்சு? இந்தா, தண்ணி குடி. குடி, நான் வாய் வெக்கல.

கணக்கு வராதா? அது பரவால்லம்மா. எனக்கும் எல்லாம் மறந்துதான் போயிருந்துச்சு. அவர் அறைல உக்காந்திருக்கற நேரம் வெளிலயே எழுதி ஒட்டியிருக்கும். முதல் பரீட்சைக்குள்ள ஒரு தடவையாவது எல்லாரும் போயே ஆகணும், அதுவும் விதிதான். சந்தேகம் எதுவும் இல்லைனாலும் போகணும். நான் வாரா வாரம் போவேன். அவர்பாட்டுக்குத் தாள் திருத்துவார், நான்பாட்டுக்குக் கணக்கு போடுவேன். சில நாள் பத்து வார்த்தை கூடப் பேசியிருக்க மாட்டோம். ஆனா வெளில வர்றப்போ எனக்கு என்னமோ ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கும்.

கணக்கு இல்லையா? அப்ப என்ன? ஊரே புதுசா. ம். யாரையுமே தெரியாதா. எங்க தங்கியிருக்க? தனியாவா? சரி, சரி. அழாத. அழுதாலும் பரவால்ல, இங்க யாரும் வர மாட்டாங்க.

இல்ல, சிரிக்கல. உன்னைப் பாத்துச் சிரிக்கலம்மா. தனியா இருக்கறதப் பத்தி எங்கிட்டப் போயி சொல்றியேன்னு சிரிப்பு வந்துச்சு.

என் வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் நான் மட்டும்தான் வீட்டுல. கிரேன் ஓட்டினவர். மேல தனியாவே உக்காந்து பழகினவருக்கு வீட்டுக்கு வந்தா வாய் ஓயாது. இப்ப ஃபிரிட்ஜ்தான் பேசுது. திடீர்னு உறுமும், திடீர்னு நிறுத்திடும். அது நிறுத்தறப்போதான் வீடு எவ்வளவு அமைதின்னு தெரியும். கடைல போயி பை வேண்டாங்கன்னு சொல்லுவேன், பாதி வார்த்தை வெளிலயே வராது. தொண்டை கட்டிக்கிச்சு போலன்னு நினைப்பேன். அப்புறந்தான் உறைக்கும், காலைலேர்ந்து வாயே திறக்கலைன்னு.

ஒரு பொண்ணு இருக்கா. கடல் தாண்டி. நல்ல பொண்ணும்மா, குத்தமே சொல்ல முடியாது. ஞாயித்துக்கிழமை ஆனா கூப்புட்டுடுவா. பேரன் ஸ்க்ரீன் முழுக்க மூக்கக் காட்டுவான். நான் நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியா, அங்க குளிரா, இங்க இல்ல. அவளுக்கு அங்க விடியற நேரம், தலைக்கு மேல வேலை. வெச்சுடுவா. அப்புறம் அடுத்த ஞாயிறு.

அதனாலதான் கிளம்பி வந்தேன். எடுத்த எடுப்புல இங்க இல்ல. முதல்ல இசை ரசனைன்னு ஒரு வகுப்பு. பெரிய ஹால், விளக்க அணைச்சுட்டுப் பாட்டு போடுவாங்க. டேர்ம் பூராவும் போனேன், பக்கத்துல உக்காந்தவங்க முகம் கூட எனக்குத் தெரியாது. நடுவுல ஜுரம் வந்து ரெண்டு வாரம் போகல. திரும்பிப் போனப்போ யாரும் ஏன் வரலைன்னு கேக்கல. ஏன் கேக்கணும், நான் யாரு. அடுத்த டேர்ம்ல இதுல சேந்தேன். கணக்கு மேல ஆசைன்னு ஆபீஸ்ல சொன்னேன். காலேஜ்ல போட்டதுதான், விட்ட எடத்துலேர்ந்து தொடரலாம்னு ஒரு நப்பாசை. அது நிஜமும்தான்.

ஆமா, விதி. முக்கியமானத இன்னும் சொல்லவே இல்ல பாரு.

மூணு மூணு பேரா குழு பிரிச்சிருக்காரில்ல. அதுல ஒரு ஆள் வரலைன்னா, சொல்லாம கொள்ளாம வரலைன்னா, மத்த ரெண்டு பேரும் அன்னிக்கே அவங்களத் தேடிக் கண்டுபிடிச்சு என்ன ஏதுன்னு விசாரிச்சு, சாயங்காலத்துக்குள்ள ஒரு துண்டுத் தாள்ல எழுதி அவர் ரூம் கதவுக்கு அடில தள்ளிடணும். போன் பண்ணி எடுக்கலைன்னா நேர்ல போகணும். போகலைன்னா அந்த வார வீட்டுக் கணக்குக்கு ரெண்டு பேருக்கும் முட்டை. எந்த வகுப்புலயாவது இப்படிக் கேள்விப்பட்டிருக்கியா? எனக்குமே முதல்ல அதிகப்படியாத்தான் தெரிஞ்சுது. ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு பையன் ரூம்ல காய்ச்சல்ல கிடந்தானாம், யாருக்குமே தெரியலையாம். ஆபீஸ் அம்மா சொன்னாங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னு நான் கேக்கல. அவங்களும் சொல்லல.

போன டேர்ம்ல என் குழுவுல ஒரு பையன், ஒரு பொண்ணு. அவன் காதுலேர்ந்து ஹெட்போன எடுக்கவே மாட்டான். அவ எப்பவும் சூயிங்கம். ரெண்டு பேருக்கும் என்னைக் கண்டா ஆகாது. கிழவிய நம்ம தலைல கட்டிட்டாங்கன்னு அவங்க பேசினது எனக்கே கேட்டுச்சு. நியாயந்தானே, நான் ஒரு கணக்குக்கு ஒம்பது சந்தேகம் கேப்பேன்.

ஒரு திங்கக்கிழமை காலைல வகுப்புக்குக் கிளம்பறதுக்குக் குளிச்சுட்டு வெளில வர்றேன், கால் வழுக்கிடுச்சு. விழுந்தப்பவே தெரிஞ்சுபோச்சும்மா, இடுப்பெலும்பு. எத்தனை பேருக்கு எடுத்திருக்கேன், கால் திரும்பிக் கிடக்கறதப் பாத்தா எனக்குத் தெரியாதா. போன் ஹால்ல இருக்கு. ஒரு முழம் நகர்ந்தா உயிர் போகுது. கொஞ்ச நேரம் கத்தினேன். மேல் வீடு காலி, பக்கத்து வீட்டுல ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவாங்க. தரை சில்லுன்னு இருந்துச்சு. அப்ப வலிய விட ஒரு நினைப்புதாம்மா என்னைப் போட்டு வதைச்சுது. நேத்துதான் ஞாயித்துக்கிழமை. பொண்ணு நேத்துதான் பேசிட்டு வெச்சா.

புரியுதில்ல? அடுத்த ஞாயிறு வரைக்கும் என்னைத் தேட உலகத்துல ஒரு ஆள் கிடையாது.

மத்தியானத்துக்கு மேல கதவ இடிக்கற சத்தம் கேட்டுச்சு. ஆன்ட்டி, ஆன்ட்டின்னு. அந்தப் பொண்ணு குரல். நான் சத்தம் போட்டேன், என்ன வந்துச்சோ தெரியல, அவங்களுக்குக் கேட்டிருக்கு. பையன் சமையல்கட்டு ஜன்னலக் கல்லால உடைச்சு உள்ள ஏறிக் குதிச்சான். கை பூரா ரத்தம், அவன் அதக் கவனிக்கவே இல்ல. ஹெட்போன் கழுத்துல தொங்குது, ஆம்புலன்சுக்குப் பேசி விலாசத்தச் சொல்றான். அவ போர்வையக் கொண்டாந்து எம்மேல போத்திட்டுப் பக்கத்துலயே தரைல உக்காந்துட்டா. சூயிங்கத்த எப்பவோ துப்பிட்டிருக்கா.

ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் என் கைய விடல. கொஞ்ச நேரம் கழிச்சு ரொம்பத் தயங்கிக் கேட்டா, ஆன்ட்டி, தாள்ல காரணம் என்னன்னு எழுதறதுன்னு. எனக்கு அந்த வலிலயும் சிரிப்பு. விழுந்துட்டாங்கன்னு எழுதும்மான்னேன். படிப்படியா எழுதணுமா ஆன்ட்டின்னு கேட்டுட்டு அழ ஆரம்பிச்சுட்டா.

மார்க்குக்காகத்தான் வந்தாங்க. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. எதுக்காகவோ வந்தாங்களே.

அப்புறமா? ஆபரேஷன், கம்பு ஊனி நடை. அவங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஆஸ்பத்திரிக்கு நோட்ஸ் கொண்டு வந்தாங்க. கதவு சார் கேள்வித்தாள உறைல போட்டு அனுப்பி, நர்ஸ் முன்னாடி எழுத விட்டார். கம்பு ஊனிக்கிட்டே வந்து கடைசிப் பரீட்சை எழுதினேன். அவன் இப்ப வேற ஊர்க் கல்லூரிக்குப் போயிட்டான். அவ மேல் வகுப்பு, பாத்தா கை ஆட்டுவா.

ஃபெயிலா? நானா? யாரும்மா சொன்னது. எம்பத்தாறு வாங்கினேன், கிளாஸ்ல மூணாவது.

மறுபடி சேந்தது அதுக்கில்லம்மா. அடுத்த கால்குலஸ் எடுக்கறவர் வருகைப் பதிவே எடுக்க மாட்டாராம். யார் வந்தா, யார் வரலைன்னா அவருக்கு என்ன. விசாரிச்சுட்டேன், இந்தப் பல்கலைக்கழகத்துலயே இப்படி ஒரு விதி இந்த ஒரு வகுப்புலதான் இருக்கு. ஆபீஸ்ல கேட்டாங்க, பாஸ் பண்ணினத ஏன் திரும்பப் படிக்கறீங்கன்னு. மறந்துபோச்சுன்னேன். கதவு சார் இந்த டேர்ம் முதல் நாள் பேர் கூப்புடறப்போ என் பேர் வந்ததும் நிமிந்து ஒரு பார்வை பாத்தார். நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அவர் ஏழாவது குழுன்னு மட்டும் சொன்னார்.

நம்ம குழுவுல இன்னொருத்தர் டாக்ஸி ஓட்டறவர். நல்ல மனுஷன், ஆனா வண்டி ஓட்டறப்போ போன எடுக்க மாட்டார். அதனால நீதான். உன் நம்பரச் சொல்லு. தெருவும் சொல்லு. எனக்கு மட்டும் இல்லம்மா, நீ ஒரு நாள் வரலைன்னா நான் இந்தக் கம்ப ஊனிக்கிட்டு உன் கதவுல வந்து நிப்பேன், மாடியா இருந்தாலும் சரி.

நாற்காலி நகர்ற சத்தம். இடைவேளை விட்டுட்டார் போல. இரு, எழுந்துக்கறதுக்கு முன்னாடி இதப் பிடி. வீட்டுச் சாவிதான். யோசிக்காத, வாங்கிக்கோ, திருட அங்க ஒண்ணும் இல்ல. திரும்ப ஒரு ஜன்னல உடைச்சு யாரும் கையக் கிழிச்சுக்க வேண்டாம். பூட்டு கொஞ்சம் இறுகிக்கும். கதவ உன் பக்கமா இழுத்துப் பிடிச்சுட்டுத் திருப்பு, திறந்துக்கும்.