வட்டு எந்தப் பக்கம் சுத்தித்து

எங்க லேப் மேக்னாவோட ஆராய்ச்சியத் தன்னோடதுன்னு உங்க பிள்ளை கருத்தரங்கு மேடையேறிச் சொன்னான், மாமி. அதுவும் அவ டெங்குல படுத்திருக்கறச்சே. கல்யாணம் வேண்டாம்னு நான் சொன்னதுக்கு அவ்வளவுதான் காரணம். ஜாதகமா, நகையா, எங்கப்பா ஏதாவது சொன்னாரான்னு வரிசையா கேக்கறேளே, அதெல்லாம் ஒண்ணுமே இல்லை. காப்பிய எடுத்துக்கோங்கோ, ஆறிடும்.

அவன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காதேங்கோ. ஒரே லேப்ல மூணு பேரும் வா போதான். நிச்சயம் ஆனதுக்கு அப்புறம் அவர்னு சொல்லிப் பாத்தேன், வாய்ல வரலை. இப்போ சுத்தமா வராது.

என்ன வேலைன்னா, சி.டி. மாதிரி ஒரு வட்டு. உள்ள தலைமுடி கனத்துல வாய்க்கால் வாய்க்காலா வெட்டியிருக்கும். நடுவுல ஒரு சொட்டு விட்டு வேகமா சுத்தினா அது தானா வெளிப்பக்கம் ஓடும். நாளைக்கு ஒரு சொட்டு ரத்தத்துலயே பரிசோதனை பண்ணிடலாம். ஆனா உள்ள எப்படி ஓடறதுன்னு பாக்கணுமே? அந்த வேகத்துல கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. மேக்னா என்ன பண்ணினா, வட்டு ஒரு சுத்து முடிச்சு அதே இடத்துக்கு வரும்போது மட்டும் பளிச்னு ஒரு லைட், ஒரு போட்டோ. அடுத்த சுத்துக்கு இன்னொண்ணு. எல்லாத்தையும் ஓட விட்டா வட்டு அசையாம நிக்கும், தண்ணி மட்டும் நகரும். பாத்தா அப்படியே சொக்கிப் போயிடுவேள். நாங்கள்ளாம் பூஜை லீவுல பந்தல் பந்தலா சுத்தினப்போ அவ அந்த மோட்டரோட மல்லுக்கட்டிண்டிருந்தா. அவ பி.எச்.டி.யே அதுலதான் நிக்கறது. அது போனா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

ஒரே லேப்தானே, யார் சொன்னா என்னங்கறேளா? அப்போ அவளே சொல்லட்டுமே, மாமி. அவ பேர எதுக்கு அழிக்கணும்?

காய்ச்சல்ல கிடந்தவளைப் பாக்க ஜாதவ்பூர்ல அவ ஆத்துக்குப் போனான். பப்பாளி இலைச் சாறு. நீங்கதான் அரைச்சுக் குடுத்தேளாம், உங்க மேல எனக்கு ஒரு குத்தமும் இல்லை. அவ அம்மா உருகிப் போயிட்டா. மேக்னாவுக்கு அவன் மாதவ்தா, அதாவது அண்ணா. டம்ளர அவ கையில குடுத்துட்டு, உன் வீடியோவெல்லாம் பத்திரமா எடுத்து வெக்கறேன், பாஸ்வேர்ட் சொல்லும்மான்னிருக்கான். அவளும் அனத்திண்டே சொல்லியிருக்கா. சீ.

எப்படி மாட்டிண்டான்னா, அவ வட்டுக்கு மேல கேமரா வைக்க இடமில்லை. அதனால ஒரு கண்ணாடியச் சாய்ச்சு வெச்சு, கண்ணாடியில தெரியறதைத்தான் படம் பிடிப்பா. வலது இடதாயிடும், இல்லையா? அதைத் திருப்பிப் போட்டுட்டுத்தான் யாருக்கும் காட்டுவா. உங்க பிள்ளை திருப்பாததை அப்படியே தூக்கிண்டு வந்துட்டான். அந்த மேஜைக்கிட்ட ஒரு நாள் உக்காந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

சுத்தற வட்டுல தண்ணி நேரா ஓடாது. வட்டு சுத்தற திசைக்கு எதிர்ப்பக்கமா சாயும். எங்களுக்கெல்லாம் இது அரிச்சுவடி. ஆனா வட்டு எந்தப் பக்கம் சுத்தறதுன்னு வீடியோவுல தெரியாது, அதான் அசையாம நிக்கறதே. அவன் பேசி முடிச்சதும் கடைசி வரிசையிலேர்ந்து ஒரு கேள்வி வந்தது. வட்டை எந்தப் பக்கம் சுத்தினேள்? கடிகாரம் மாதிரின்னான், அது நிஜம்தான். அப்போ தண்ணியும் ஏன் அதே பக்கம் சாயறது? அதுக்கு அவன் சொன்னான், ரத்தம் கெட்டி, அதனால அப்படித்தான் போகும்னு. மாமி, அது ரத்தமே இல்லை. மினுங்கற பொடி கலந்த தண்ணி. எங்க லேப் சார் பேனாவ மூடி வெச்சார். மறுநாளே மேக்னாவுக்கு போன் பண்ணிக் கேட்டார். வேலை இப்போ அவ பேருக்கே வந்தாச்சு, போகட்டும்.

பொறாமைன்னு சொன்னானா? கேள்வி கேட்டவளுக்கா? ஏன், அது யாருன்னு அவன் உங்ககிட்ட சொல்லலையா? நான்தான், மாமி.

தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமேங்கறேள். நியாயம். கேட்டேனே. முந்தின நாள், அவன் லேப்டாப்ல அந்த வீடியோ கண்ணுல பட்டப்புறம், லேக் மார்க்கெட்ல இட்லி சாப்பிடறச்சே. அவன் தப்பிச்சுக்கட்டும்னுதான் கேட்டேன். நாளைக்குக் காட்டறதுக்கு முன்னாடி அந்தக் கண்ணாடிய யோசிச்சியான்னு.

சட்னியத் தொட்டுண்டே, எந்தக் கண்ணாடின்னான்.