பஸ்ஸுக்குள் நாலு மீட்டர் ஆழம்

அரியாங்குப்பம் பஸ்ஸில் என் முன் சீட்டிலிருந்த பெண், பெரிய கைக்கடிகாரம் போலிருந்த ஒரு டைவ் கம்ப்யூட்டரைப் பக்கத்திலிருந்தவரிடம் காட்டினாள். இருவரும் கடலுக்கடியில் டைவ் போகிறவர்கள் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

“பஸ்ல உக்காந்திருக்கோம். இது நாலு மீட்டர் ஆழத்துல இருக்கோம்னு காட்டுதுண்ணே.”

“சென்சார் ஓட்டைல உப்பு அடைச்சிருக்கும். நல்ல தண்ணில ஊற வெச்சியா?”

“ரெண்டு நாள் ஊற வெச்சேன். சரியாவல. அப்புறம் ஊசியால குத்திட்டேன்.”

அவர் குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார்.

“குத்தக் கூடாதும்மா. சென்சாரே போயிருக்கும். எவ்ளோ மெதுவா ஏறணும்னு இது சொல்றத நம்பித்தான் மேல வர்றோம். தப்பா சொன்னா உசுருக்கே ஆபத்து.”

“என் வூட்டுக்காரரு எறந்ததுக்கு அப்புறம் நாளைக்குத்தான் மொத தடவ எறங்குறேன். அவரோடத கட்டிக்கிட்டுப் போவணும்னு இருந்தேன்.”

“வூட்டுல பத்திரமா வெச்சிக்கோ. அவன் போன டைவ் எல்லாம் அதுல பதிவா இருக்கும்.”

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் தன் கையில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டரைக் கழற்றி அவள் மடியில் வைத்தார்.

“அப்ப நீங்க?”

“நாளைக்கு நான் எறங்கல. மத்தவங்க உன்கூட வருவாங்க. நீ மேல வர்ற வரைக்கும் நான் படகுலயே இருக்கேன்.”