கட்டின கை வரட்டும் என்று காத்திருந்த ஊர்

மதுரை மாநகரில் உலகத் தமிழ் மாநாடு நடந்து, தோரண வாயில்களில் தொங்கவிட்ட வண்ண விளக்குகளைக் கழற்றி முடிப்பதற்குள் மாட்டுப்பொங்கல் வந்து நின்றதே, அந்த வருசம் அரும்பு மீசையோடு விழாக் கமிட்டிக்குள் கால் வைத்து, இன்று நரைத்த மீசையோடு நடு நாற்காலியில் வீற்றிருக்கும் விழாத் தலைவர் அவர்களே. சால்வைக்காகவே சட்டையைச் சலவை செய்து அணிந்து வந்திருக்கும் முன்வரிசைப் பெரியோர்களே. ஆக்கி வைத்துவிட்டு, ஆறிப்போனதை அப்புறம் தின்னலாம் என்று வந்து, மண் தரையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே. பின்னால் நின்று விசிலடிக்கும் இளஞ்சிங்கங்களே. நேற்று நம் வாடிவாசலில் முதற்பரிசு வென்று, இன்று வலது கையில் மூங்கில் பத்தைக் கட்டும் முகவாட்டமுமாக மேடையில் உட்கார்ந்திருக்கும் மாடுபிடி வீரன் விக்ரம் அவர்களே. அனைவருக்கும் பழைய வண்டிக்காரன் சின்னக்கருப்பனின் பணிவான வணக்கம்.

வாழ்த்துரை வழங்க அழைத்தீர்கள். வாழ்த்து என்னிடம் இல்லை. வயிற்றெரிச்சல் இருக்கிறது. வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள்.

சற்று முன்பு இந்த வீரனுக்குக் கேடயம் கொடுத்தீர்கள். எந்தக் கையால் வாங்கினான், பார்த்தீர்களா? இடது கையால். படம் எடுத்தவர்கள் எத்தனை பேர். பார்த்தவர் யார்? மாலை போடும்போது அந்த வலது கையில் ஒருவர் லேசாக இடித்தார். அவன் பல்லைக் கடித்ததைச் சிரிப்பு என்று நினைத்துக் கைதட்டினீர்கள். நான் பக்கத்தில் போய்க் கேட்டேன். "மாப்ள, அந்த நடுவிரல லேசா நீட்டு." அவன் சொன்னான், "வேணாந் தாத்தா, தொட்டா உசுரு போகுது." துணிக்கு வெளியே தெரிந்த விரல்கள் அவித்த பனங்கிழங்கு போல் வீங்கிக் கிடக்கின்றன.

தலைவர் காதில் போய்ச் சொன்னேன். "தம்பி, கட்டைத் தளர்த்துங்க, கை போயிரும்." தலைவர் என்ன திருவாய் மலர்ந்தார் தெரியுமா? "அண்ணே, கட்டுனவரு மேலூர்ப் பக்கம் மஞ்சுவிரட்டுக்குப் போயிருக்காரு. காலையில வந்துருவாரு. கட்டுன கைதான அவுக்கணும்."

கேட்டீர்களா? கட்டின கைதான் அவிழ்க்க வேண்டுமாம். இந்த வசனத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். இதே ஊரில் கேட்டிருக்கிறேன். இதே தை மாதத்தில் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இந்த மைக்கை இறுகப் பிடித்திருக்கிறேன். அந்தக் கட்டு தளராமல் என் பிடியும் தளராது. இவனைப் பெற்ற பாண்டிமீனா அதோ பெண்கள் பக்கம் நிற்கிறாள். அவள் நூற்றியெட்டுக்குப் போன் போட்டாகிவிட்டது. வண்டி வரும். வருகிற வரைக்குமாவது அந்தக் கை சாகாமல் இருக்க வேண்டாமா?

யாரப்பா அது, "பெருசு, டைம் ஆச்சு" என்பது? ஆச்சுதான் மாப்ள. அந்தக் கைக்கு டைம் ஆச்சு.

மாநாட்டு வருசத்துக்கு வருகிறேன். அந்த மாட்டுப்பொங்கலில் வீரணன் என்று ஒருவர் மாடு பிடித்தார். வயல் வேலைக்கு வந்தவர். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாதவர். திமிலைக் கட்டிக்கொண்டால் காளைதான் களைக்கும், அவர் களைக்க மாட்டார். கடைசிக் காளை அவரைத் தூக்கிப் போட்டதில் முன்கை எலும்பு இரண்டும் முறிந்தன. அப்போது கட்டு வைத்தியர் மொக்கைச்சாமி. எலும்பை நேராக்கி, உளுந்து மாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து, துணியைச் சுற்றினார். சுற்றிவிட்டு அடுத்த நாள் மஞ்சுவிரட்டுக்கு மேலூருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

வீரணனைச் சாவடியில் படுக்க வைத்தார்கள். சாவடிக்குள் அவரைப் படுக்கவிட்டதே பெரிய பெருந்தன்மை என்று தங்களைத் தாங்களே பாராட்டிக்கொண்டார்கள். கை வீங்கியது. கட்டு இறுகியது. அவர் கதறினார். அப்போதைய கமிட்டித் தலைவர் விருமாண்டி சொன்னார், "மருந்து பிடிக்குது, அதான் வலிக்குது." விரல் நீலம் பாய்ந்தது. "கெட்ட ரத்தம் எறங்குது." பிறகு வலியே இல்லை என்றார் வீரணன். "பாத்தியா, கேட்டுருச்சு." வலி எடுத்தாலும் மருந்து, வலி நின்றாலும் மருந்து. அம்புட்டு அறிவு.

அவர் மனைவி ராமக்காள் பண்ணரிவாளோடு ஓடி வந்தாள். யாரை வெட்டவும் அல்ல, துணியை வெட்ட. சாவடிப் படியில் இளவட்டங்கள் வரிசையாக நின்றார்கள். அதில் ஒருவர் சிலம்புக் கம்பைக் குறுக்கே நீட்டினார். "கட்டுன கைதான் அவுக்கணும். வேற கை பட்டா வெளங்காது. தாலி நெலைக்கணுமா வேண்டாமா?" ராமக்காள் சொன்னாள், "தாலி என் கழுத்துல கெடக்குய்யா. அவுகளுக்குக் கை வேணும். வழிய விடுங்க." விட்டார்களா? விடவில்லை. விடிந்தது, பொழுது சாய்ந்தது. விடவே இல்லை. இவ்வளவும் ராமக்காள் வாயால் அப்புறம் நான் கேட்டது.

அயலூர்ப் பாரம் இறக்கிவிட்டு நான் வண்டியோடு வந்து சேர்ந்த வேளையில் மொக்கைச்சாமியும் வந்து சேர்ந்தார். துணியை அவிழ்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவர் கேட்டதை நான் சாகும் மட்டும் மறக்க மாட்டேன். "வீங்குனா தளத்தி விடணும்டா, கூறு கெட்டவனுகளா. நாந்தான் அவுக்கணும்னு ஆருடா சொன்னா? நான் சொன்னனா?"

அவர் சொல்லவில்லை. அவர் குரு சொல்லவில்லை. எந்த வைத்தியத்திலும் இல்லாத விதி அது. நம் சாவடியில், வெற்றிலை மென்றுகொண்டே, நாமே செய்த விதி. வைத்தியரை விட வைத்தியம் தெரிந்த ஊரல்லவா இது?

"நீ என்ன டாக்டரா?" என்கிறது ஒரு குரல். இல்லை தம்பி. நான் கைநாட்டு. ஆனால் கைநாட்டு வைப்பதற்கும் கை வேண்டும் அல்லவா?

வண்டி பூட்டி, வாடிப்பட்டி போய், லாரி பிடித்து, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வீரணனைக் கொண்டு போனவன் நான். முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடந்தேன். அங்கே ஒரு டாக்டரம்மா. பேனாவும் பேப்பரும் எனக்கு ஆகாது என்று கண்டுகொண்டு, என் காதுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். எழுதத் தெரியாதவனுக்கு ஒரே ஒரு வசதி உண்டு. கேட்டதை வைக்க வேறு இடம் கிடையாது, மண்டைக்குள்தான் வைத்தாக வேண்டும். வைத்திருக்கிறேன்.

"எலும்ப என்னன்னு நெனச்சிங்கய்யா, கல்லுன்னா? கல்லு ஒடஞ்சா ஒட்டாது. எலும்பு ஒட்டுது. ஏன்? அதுக்கு உசுரு இருக்கு, ரத்தம் ஓடுது" என்றார். முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டுமாம். அந்த ரத்தக்கட்டில் பிசின் போல ஒன்று ஊறுமாம். பிசின் குருத்தாகும், குருத்து முற்றி எலும்பாகும். ஆன பிறகும் அது சும்மா இருக்காது. மேலே விழும் பாரத்தைப் பார்த்து, தேவையான இடத்தில் தடித்து, தேவையற்ற இடத்தில் தேய்ந்து, தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் புத்தி உண்டு?

இவ்வளவும் நடக்க எலும்பு கேட்பது இரண்டு. ஒன்று, நேராக வைத்து ஆட்டாமல் விடு. இன்னொன்று, ரத்தத்தை வரவிடு. நாம் ஒன்றைக் கொடுத்தோம், மற்றதை நெரித்துக் கொன்றோம். முன்கைச் சதையைச் சுற்றி உள்ளே ஓர் உறை இருக்கிறது. சாக்குப் போல, விரியாத உறை. நனைந்த நெல் மூட்டையைப் பார்த்திருக்கிறீர்களே, நெல் ஊதும், சாக்கு விரியுமா? அந்த மூட்டைக்கு மேலே கயிற்றையும் இறுக்கினால் உள்ளே காற்றுப் போக இடம் ஏது? மாவுக்கட்டுப் போட்டாலும், மூங்கில் கட்டுப் போட்டாலும், கட்டே போடாவிட்டாலும்கூட, உள்ளே வீங்கினால் இந்த ஆபத்து உண்டு. விரலை நீட்டினால் உயிர் போகிற வலி. அதுதான் மணி. அந்த மணி அடித்தால் உடனே தளர்த்து, உடனே தூக்கிக்கொண்டு ஓடு. தளர்த்தியும் வலி தீராவிட்டால் உறையைக் கீறிவிட்டுக் கையைக் காப்பாற்றுவார்களாம்.

இங்கே மாடு வளர்க்கும் மகராசன்கள் இருக்கிறீர்கள். காளையின் காலில் கயிறு இறுகினால் பதறி அடித்துக்கொண்டு அறுக்கிறீர்களே. அப்போது கேட்பீர்களா, எந்தக் கை கட்டியது என்று?

முன்வரிசையில் ஒரு பெரியவர் சொல்கிறார், "மணிக்கட்டுல நாடி துடிக்குதுய்யா, பயமில்ல." இதையும் விருமாண்டி அன்று சொன்னார். நாடி துடிப்பது பெரிய வாய்க்கால். பெரியாற்று வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு, கடைமடை வயல் நனைந்துவிட்டது என்று வீட்டுக்குப் போகிற விவசாயி உண்டா? சதைக்குள் ஓடுவதெல்லாம் மயிர் மாதிரி மடை. அது அடைபட்டால், மேலே வாய்க்கால் துள்ளிக்கொண்டிருக்கும்போதே கீழே பயிர் கருகும்.

தாய்மார்களே, நீங்கள் சிரிக்காதீர்கள், உங்களிடமும் எனக்கு ஏச்சு உண்டு. காளைக்குப் பருத்திக்கொட்டை, பேரீச்சம்பழம், நாட்டுக்கோழி முட்டை, காலையில் நடை, மாலையில் நீச்சல். வீட்டில் பெண்ணுக்கு? எல்லோரும் தின்றபின் சட்டியடியில் தங்கிய வண்டல். எலும்பை வளர்ப்பது பாலும் கேழ்வரகும் கீரையும் முட்டையும் வெயிலும் உழைப்பும் என்று டாக்டரம்மா சொன்னார். உழைப்பையும் வெயிலையும் மட்டும் ஒதுக்கிக்கொண்டு, மிச்சத்தைக் காளைக்கும் புருசனுக்கும் கொடுத்தீர்கள். வயசானால் பெண் எலும்பு வேகமாகக் கரையுமாம். வழுக்கிய இடத்தில் இடுப்பு முறிகிறது, "வயசாச்சுல்ல" என்கிறோம். வயசா முறித்தது? நாம் முறித்தோம்.

இடுப்பு என்றதும் விருமாண்டி நினைவு வருகிறது. கட்டின கைதான் அவிழ்க்கணும் என்றவர், தன் இடுப்பு முறிந்தபோது எந்தக் கட்டு வைத்தியரைத் தேடினார்? ஒருவரையும் இல்லை. கார் வைத்து மதுரைக்குப் போனார். ஆணி வைத்து முடுக்கச் சொன்னார். ஊன்றுகோலோடு திரும்பி வந்து, பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தார். விதியெல்லாம் வீரணன் கைக்கு. விருமாண்டி இடுப்புக்கு விதிவிலக்கு.

வீரணன் அதற்குப் பிறகும் இதே ஊரில்தான் இருந்தார். ஒரு கையால் வரப்பு வெட்டினார். ஈ உட்கார்ந்தால் இல்லாத கையை ஓங்குவார். "அண்ணே, அந்த வெரல் வலிக்குதுண்ணே" என்பார். எந்த விரல் என்று நான் எதைப் பிடித்துப் பார்ப்பது?

வண்டிச் சத்தம் கேட்கிறதா? கண்மாய்க்கரை திரும்பிவிட்டது. பாண்டிமீனா, வா தாயி. மேடைக்கு வா. யாராவது குறுக்கே கம்பை நீட்டுகிறானா என்று பார்ப்போம்.

என்ன, தலைவர் எழுந்துவிட்டார். மைக்கைப் பிடுங்கவா தம்பி? தாராளமாகப் பிடுங்குங்கள், எண்பது வயது எலும்புதான், சீக்கிரம் முறியும்.

இல்லை. என்னைத் தாண்டிப் போகிறார். கமிட்டிக் கட்டடத்துக்கு ரிப்பன் வெட்ட வைத்திருந்த தட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுக்கிறார். விசிலை நிறுத்துங்கடா, இது வித்தை இல்லை. பொறுங்கள் தம்பி. துணியை மட்டும் நீளவாக்கில் வெட்டுங்கள். பத்தை அடியில் தாங்கலாக இருக்கட்டும், எலும்பு ஆடக்கூடாது. கையைத் தொங்கவிடாதீர்கள், தலைக்கு மேலேயும் தூக்காதீர்கள், நெஞ்சு மட்டத்தில் பாண்டிமீனா ஏந்திக்கொள்ளட்டும். மாப்ள, மூச்சு விடு. என்ன சொல்கிறான்? "கொஞ்சம் தேவலை தாத்தா." கொஞ்சம்தான். மிச்சம் ஆஸ்பத்திரியில். வழி விடுங்கள், பெரியோர்களே. நாற்காலியை நகர்த்துங்கள்.

பேச அழைத்த கமிட்டிக்கு நன்றி. ஏசியதைப் பொறுத்த முன்வரிசைக்கு நன்றி. போன் போட்ட பெற்றவளுக்கு இரண்டு மடங்கு நன்றி. போகிற கை பிழைத்து வரட்டும் என்று அனைவருக்கும் வணக்கம் சொல்லி அமர்கிறேன். அமருமுன் ஒரு வார்த்தை. வீரணன் போய்விட்டார். கொரோனா வருசத்தில் ராமக்காளும் போய்விட்டாள். கேள்வி கேட்ட மொக்கைச்சாமியும் இல்லை, பதில் சொல்லாத விருமாண்டியும் இல்லை. சாவடிப் படியில் வரிசையாக நின்ற இளவட்டங்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். குறுக்கே கம்பை நீட்டியவர் ஒருவர்தான் மிச்சம். கத்தரிக்கோலும் கண்ணீருமாக அதோ நிற்கிறார். விழாத் தலைவர் சோணைமுத்து.